ஆள் பார்க்கும் உலை

நஸ்ரியாவின் உலை ஆள் பார்த்து மரியாதை செய்தது. கொட்டாங்குச்சியையும் நீராவியையும் அறுநூற்றைம்பது டிகிரியில் சேர்த்தால், சாதாரண நாளில் கிடைக்கும் வாயுவில் ஹைட்ரஜன் முப்பத்தெட்டு சதவீதம். பேராசிரியர் வந்து நின்றால் நாற்பத்து நான்கு. டில்லி அதிகாரி வந்த அன்று ஐம்பத்தைந்து.

அந்த ஐம்பத்தைந்தை இன்னொரு முறை காட்டாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துக் கிடையாது என்றுவிட்டார் பேராசிரியர். வெப்பத்தை ஏற்றிப் பார்த்தாள், நீராவியைக் கூட்டிப் பார்த்தாள். உலை மசியவில்லை.

“நாளைக்கு டில்லி அதிகாரி வர்றாருன்னு அதுகிட்டயே சொல்லிப் பாருங்க,” என்றான் உடன் ஆய்வு செய்யும் சாய்சரண்.

“ஏனுங்க, உலைக்குக் காது இருக்குதுங்களா?” என்றாள் நஸ்ரியா.

சன்னலுக்கு வெளியே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கனகம் நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் யாருமே வரவில்லை. ஹைட்ரஜன் ஐம்பத்தைந்து.

நஸ்ரியா முற்றத்துக்கு ஓடினாள். பாதையின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு. உலைக்குப் போகும் கொட்டாங்குச்சிக் குவியலும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“இதென்னங்க கனகக்கா?”

“சுண்ணாம்புத் தூளுங்க அம்மணி. பெரிய ஆளுங்க வந்தா பாதையில போடோணுமில்லீங்க? குவியலும் பாக்கறதுக்குக் குப்பையாட்டம் இருக்குது. அதும்மேலயும் தூவிப்போடுவனுங்க.”

நஸ்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். சூட்டில் சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரஜனின் பங்கு ஏறும். நோட்டைத் திறந்தாள்.

“ஒரு தடவைக்கு எவ்வளவு தூவுவீங்க?”

“அது வர்ற ஆளைப் பொறுத்துங்க. டில்லிக்காரருக்கு ரெண்டு சட்டி. உங்க புரொபசருக்கு அரைச் சட்டி. நீங்க நம்ம புள்ளதானுங்களே அம்மணி, உங்களுக்கெதுக்கு?”