முன்னால் போகிறவன் கை

"ஒழுங்கா கையைக் காட்டிட்டுப் போ, திபோ! உன் பின்சக்கரத்தைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியலை!"

"காட்டிக்கிட்டுதானே போறேன்! கண்ணைத் திறந்து பாரு, மகாராணி!"

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் சரிவில் திபோவின் வலது கை கீழே நீண்டு தரையைச் சுட்டியது. டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போன சேறு. சொலேன் சைக்கிளை ஒதுக்கினாள். அறுவடை முடிந்து இரண்டு வாரம். பிரான்சின் பர்கண்டிப் பகுதி முழுக்க இலைகள் மஞ்சளாகி, சாலையெல்லாம் வழுக்கியது.

சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போனால், முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பார், பின்னால் வருபவருக்கு மிதிப்பது சுலபம். ஆனால் எதிரே என்ன கிடக்கிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. குழியோ கல்லோ, முன்னவர் கைதான் சொல்ல வேண்டும். 'முன்னால போறவன் கைதான் பின்னால வர்றவனுக்குக் கண்ணு' என்பான் சொலேனின் தம்பி பாஸ்தியான். அவன் போய் இன்றோடு ஒரு வருஷம்.

கால்வாய்ப் பாலத்தில் நின்று தண்ணீர் குடித்தார்கள்.

"இப்படியே மேட்டு வழியா ஊருக்குத் திரும்பிடலாம்," என்றான் திபோ.

"இல்லை, கரை வழியாப் போவோம். மதகு வரைக்கும்."

"எதுக்குடி? ஒரு வருஷமா நீ அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலையே."

"அதனாலதான். அங்க போய் நின்னாதான் உனக்குப் பதில் சொல்ல முடியும்."

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அவளுக்கும் ஆசைதான். தம்பியைக் காவு கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு மணப்பெண்ணாக நிற்பது என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"'ராத்திரி பூரா மழை, நான் போகலை'ன்னுதான் அந்த ஞாயித்துக்கிழமை காலையில பாஸ்தியான் சொன்னான். நான்தான், 'அடுத்த வாரம் சைக்கிள் பந்தயக் குழுவுக்கு ஆள் எடுக்கிறாங்க, எந்திரிடா சோம்பேறி'ன்னு போர்வையை உருவினேன்."

"மழையில கரை இடிஞ்சு குழி விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? நான் சனிக்கிழமையே லியோனுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்த் தொலைச்சேன். திங்கக்கிழமை சேதி கேட்டு ஓடி வர்றேன். இங்க இருந்திருந்தா அவனைத் தனியா விட்டிருப்பேனா? குத்தம்னா அது என் குத்தம்தான்."

ஒரு வருஷமாக இதையேதான் சொல்கிறான். இதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

"இந்தச் சட்டை உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

குழுவில் காலியாக இருந்தது ஒரே இடம். போட்டி பாஸ்தியானுக்கும் திபோவுக்கும். பாஸ்தியான் போனபின் இடமும் சட்டையும் திபோவுக்கு வந்தன.

"இது அவன் சட்டை, சொலேன். போடுறப்பல்லாம் கழுத்தை இறுக்குது."

பாவம் என்று அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

பாஸ்தியானின் உடல் மதகுக் கதவில் சிக்கிக் கிடந்தது. அவன் விழுந்ததும் அங்கேதான் என்று பத்திரிகையில் போட்டார்கள். ஊரும் அதையே நம்பியது. மழையைத் திட்டியது, கால்வாயைத் திட்டியது. சைக்கிள் கிடந்த இடம் வேறு. அரை கிலோமீட்டர் மேலே, இடி விழுந்து பிளந்த பாப்லார் மரத்தடியில், குழியின் விளிம்பில் கிடந்தது. கரையோரம் கதறிக்கொண்டு ஓடிய சொலேனும், பின்னால் ஓடிவந்த மதகுக்கார ரேமோனும்தான் பார்த்தார்கள். காவலருக்குக் காட்டியதோடு சரி. பூவும் மெழுகுவத்தியுமாக ஊர் அங்கே கூடுவதைத் தாங்க முடியாது என்று, திபோவிடம்கூட அவள் அந்த இடத்தைச் சொன்னதில்லை.

கரை வழியில் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. வலப்பக்கம் கால்வாய் கறுத்துக் கிடந்தது. திபோ தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. சொலேன் அவன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஒட்டிப் போனாள். இவனை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. மதகு வரை எதற்கு, இப்போதே சொல்லிவிடலாம். 'சரிடா, பண்ணிக்கலாம்' என்பது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அப்போது திபோவின் வலது கை சட்டென்று கீழே நீண்டது. விரல் தரையைச் சுட்டியது. அவன் இடப்பக்கம் ஒதுங்க, பழக்கதோஷத்தில் அவளும் ஒதுங்கினாள்.

ஒதுங்கிய பிறகுதான் பார்த்தாள். தரையில் ஒன்றுமே இல்லை. வசந்தத்தில் போட்ட தார் வழவழவென்று கிடந்தது. பக்கத்தில் பிளந்த பாப்லார் மரம் நின்றது.

பிரேக்கை இறுக்கினாள்.

"என்னாச்சு, பஞ்சரா?" திபோ திரும்பிப் பார்த்துக் கத்தினான். கையை நீட்டியது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை இரவு மழையில் விழுந்த குழியை, இன்னொரு உயிர் போய்விடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ரேமோன் மண் போட்டு மூடிவிட்டார்; அது திறந்து கிடந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். அன்று பாஸ்தியானுக்கு முன்னால் போனபோது நீட்டாத கையை, திபோ இன்று நீட்டியிருக்கிறான்.