மோட்டார் ரூம் ஜன்னல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தண்ணீர் மோட்டார் மெக்கானிக்காக இருக்கும் என் தாய்மாமா சொல்லிக் கேட்டது. மாமா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். முடிந்தவரை கழித்துவிட்டே எழுதுகிறேன்.

விடாத மழை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மாமா போய்ச் சேர்ந்தபோது, படிக்கட்டில் நின்றபடி எல்லோரும் சங்கத்துச் செக்ரட்டரியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மழைக்கு முன்னாடியே மோட்டாரைப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?"

கத்தியவர் மூன்றாம் மாடி பேங்க்காரர்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு."

"நேத்து ஓடினதை வெச்சு இன்னைக்கு என் காரை மேல ஏத்த முடியுமா?"

"என் காரும் அங்கதான் சார் நிக்குது."

"உங்களது டப்பா, மிதக்கும். என்னோடது புதுசுய்யா!"

யாரோ சிரித்தார்கள். முதல் மாடி டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"போன மழைக்கு மோட்டாரைப் போட்டு மதியத்துக்குள்ள காய வெச்சோமே!"

"காய வெச்சோம்மா. அந்தத் தண்ணியெல்லாம் பின் தெரு வீடுகளுக்குள்ள போச்சு. சண்டைக்கு வந்தாங்களே" என்றார் செக்ரட்டரி.

"வரட்டும்! பள்ளத்துல வீட்டைக் கட்டிக்கிட்டு, தண்ணி வருதுன்னா? நம்ம தண்ணியை நாம பாக்கெட்ல போட்டுக்கவா முடியும்?" என்றார் பேங்க்காரர்.

"குழாயை மெயின் ரோட்டுக் கால்வாய்க்குத் திருப்பிடலாம்னு மீட்டிங்ல சொன்னேன். யாருமே காதுல வாங்கலை."

"மொதல்ல மோட்டாரை ஓட்டுங்க. ஊரை அப்புறம் திருத்தலாம்."

மோட்டார் ரூம் கட்டடத்தின் பின்னால், மதிலை ஒட்டி ஒரு மேடை மேல் இருந்தது. தொடையளவுத் தண்ணீரில் செக்ரட்டரியும் மாமாவும் மட்டும் போனார்கள். படியை விட்டு இறங்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

மாமா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு வயர் கழன்று தொங்கியது. அதன் முனையில் கறுப்பு டேப் சுத்தமாகச் சுற்றியிருந்தது.

தானாகக் கழன்ற வயர் தனக்குத் தானே டேப் சுற்றிக்கொள்ளாது.

மாமா நிமிர்ந்தார். செக்ரட்டரி ஜன்னல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றிருந்தார். மோட்டாரின் குழாய் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பின் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் மேல் கைக்குழந்தையோடு ஒரு பெண். தண்ணீருக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"என்ன மெக்கானிக், ஏதாவது தெரியுதா?" என்று திரும்பாமலே கேட்டார் செக்ரட்டரி.

மாமாவும் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியுது சார்."

வெளியே வந்து படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு! கடைக்குக் கொண்டுபோய்ப் புதுசா கட்டணும். மழை விடாம ஒண்ணும் ஆகாது!"

பேங்க்காரர் செக்ரட்டரியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க சாமி! அடுத்த மீட்டிங்ல மொத வேலை உங்களை மாத்தறதுதான்."

"மாத்துங்க சார்."

மாற்றினார்கள். அதிகம் கத்தியவர் தலையிலேயே பதவியைக் கட்டினார்கள். மாமா மோட்டாரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது, பழைய செக்ரட்டரி பேங்க்காரரிடம் மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"மழை நாள்ல மோட்டார் போடறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்துக்குங்க சார். உள்ள புழுங்கும்."

அடுத்த மழை பிடித்த இரண்டாம் நாள் மாமாவின் போன் அடித்தது. பேங்க்காரர்.

"மெக்கானிக், காயில் எரிஞ்சுபோச்சு."

"மோட்டாரை ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"இல்ல."

"அப்புறம் எப்படி…"

"யோவ், வந்து சொல்லிட்டுப் போய்யா! படிக்கட்டுல நின்னுக்கிட்டு என்னை உலுக்கி எடுக்கறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீ சொன்னா நம்புவாங்க."

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காத. கார் எல்லாத்தையும் நேத்தே மெயின் ரோட்டு மேட்டுல கொண்டுபோய் நிறுத்த வெச்சிட்டேன். குழாயைக் கால்வாய்க்குத் திருப்பப் பள்ளம் தோண்டியாச்சு. பின் தெருப் பசங்களும் வந்து கை கொடுத்தாங்க. மழை விட்டதும் பதிச்சிடுவோம். அது வரைக்கும் காயில் எரிஞ்சதாவே இருக்கட்டும்."

கத்தின மனுஷன் எப்படி இப்படி மாறினார் என்று மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதையும் கூட்டித்தான் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன்.

குழாய் இப்போது கால்வாயில்தான் விழுகிறது. கட்டடத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். பின்பக்கம் மாடிக்கு மாடி குளியலறைகள். எட்டாத உயரத்தில், மங்கல் கண்ணாடி போட்ட சின்னத் திறப்புகள்.

அத்தனை பெரிய குடியிருப்பில் பின் தெருவைப் பார்க்கிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது மோட்டார் ரூமில் இருக்கிறது.