காம்ஃப்ரே ஒழிப்பு

"வேண்டாம் கிளிஃபோர்ட்! கெஞ்சிக் கேக்கறேன், அந்த மிஷினை மட்டும் விடாதீங்க!"

மேவிஸ் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்றாள். குத்தகைத் தோட்டச் சங்கத்தின் தலைவர் கிளிஃபோர்ட், வாடகைக்கு எடுத்துவந்த உழவு மிஷினைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

பல வருடமாக அவள் தக்காளி போட்ட நிலம். எங்கள் ஷெஃபீல்டில் வெயில் என்று ஒன்று வந்தால் முதலில் அங்கேதான் விழும். நேற்றிலிருந்து அது கிளிஃபோர்டுடையது.

அவள் செய்த குற்றம் நாற்றம். அங்கேயே ஒரு வரிசை வளர்த்த காம்ஃப்ரே என்ற செடியின் இலையைப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு அழுகவிட்டு, அந்தத் தண்ணீரைத்தான் உரமாக ஊற்றுவாள். தக்காளிக்கு அது அமிர்தம், மூக்கு உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம்.

புகார் கொடுத்தவர் கிளிஃபோர்ட். விசாரித்தவரும் அவரே. காலியான நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்த ஒரே ஆளும் அவரே. அவளை வெளியேற்றுவதைவிட, டீக்கு எந்த பிஸ்கட் என்று முடிவு செய்யத்தான் கமிட்டிக்கு அதிக நேரம் பிடித்தது.

மலர்க் கண்காட்சிக்கு அங்கே டேலியா வளர்க்கப் போகிறாராம். போன வருடமும் வளர்த்தார். நர்சரியில் பூத்த செடியாக வாங்கிவந்து, தொட்டியோடு மண்ணில் புதைத்தார்.

"கையால தோண்டி, காம்ஃப்ரே வேரை முழுசா எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள் மேவிஸ். "நான் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். பக்கத்துத் தோட்டத்து டோரீன் ஒரு தயிர்க் கப்புல விரல் நீளத்துக்கு வேர்த் துண்டு குடுத்தா. இந்த வரிசை பூரா அதுலேர்ந்து வந்ததுதான்."

"உங்க வேரைத் தோண்டவா நான் தலைவரானேன்? அழுகையை நிறுத்துங்க. இன்னும் அழுதீங்க, ரெண்டாவது தடவையும் ஓட்டுவேன்!"

மேவிஸ் உடனே குரலெடுத்து அழுதாள்.

சொன்னபடியே ஓட்டினார். அவள் விம்ம விம்ம, வெறி வந்தவர் போல நிலத்தின் மூலை முடுக்கெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தடவையும் ஓட்டினார். சாண்ட்விச்சுக்கு வெள்ளரிக்காய் நறுக்குவது போல வேரெல்லாம் துண்டு துண்டாகி மண்ணோடு கலந்தது.

"பாத்தீங்களா? ஒரு செடி மிச்சமில்ல!" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார் கிளிஃபோர்ட்.

பார்த்துக்கொண்டிருந்த டோரீனுக்கு வயிறு எரிந்தது. மேவிஸைத் தோளோடு அணைத்துத் தன் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"அழாதடி. மனுஷனா அவன்? நீ ஆசையா வளர்த்ததை இப்படித் துண்டு துண்டா..."

பாதியிலேயே டோரீன் நிறுத்திவிட்டாள். கைக்குட்டையை எடுத்த மேவிஸின் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி முகம்தான் சிவந்திருந்தது.

"அடிப்பாவி! துண்டு ஒவ்வொண்ணும் தனித்தனியா முளைக்குமேடி! வர்ற வசந்தத்துல அந்த ஆளு தோட்டம் பூரா காம்ஃப்ரேதான், டேலியாவுக்கு ஏது இடம்? இது தெரிஞ்சும் எதுக்குடி அவன்கிட்ட அப்படிக் கெஞ்சினே?"

"கெஞ்சலேன்னா ஓட்டியிருப்பாரா?"