ஹார்லன் வைத்த பாயின்ட்

“பாட்டரி நல்லா இருக்கு, ஸ்டார்ட்டர் சுத்துது, பொறி மட்டும் வர மாட்டேங்குது. நாள் பார்த்து மக்கர் பண்ணுது சனியன்!” எல்ராய் பிளக் வயரைக் கீழே விட்டான்.

“மெதுவாப் பேசு. ஹார்லன் காதுல விழுந்துடப் போகுது” என்றான் உதவிக்கு வந்திருந்த டுவேன்.

ஹார்லன் பின்னாலேயேதான் இருந்தார். டிராக்டரோடு பூட்டியிருந்த தட்டு வண்டியில், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, சவப்பெட்டிக்குள்.

“பொணத்துக்கு வர்ற அந்தக் கறுப்புக் கார்ல என்னை ஏத்தாதே. என் டிராக்டர்தான் இழுக்கணும்” என்று ஆஸ்பத்திரியில் மனைவி ஆர்டிஸின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். பக்கத்துப் பண்ணை எல்ராயிடமும், “அது அடம்பிடிச்சா பதறாதீங்கப்பா” என்று சொல்லி வைத்திருந்தார்.

இப்போது மணி பத்தரை. பதினொன்றுக்கு அடக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று வரவழைத்த கறுப்புக் கார் களஞ்சியத்தை ஒட்டி நின்றது. பாஸ்டர் லிண்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம். அதுக்கு மேல சர்ச்சுல சனங்களைக் காக்க வைக்க முடியாது. மன்னிச்சுக்கங்க, ஆர்டிஸ்.”

ஆர்டிஸ் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே இருந்த பெட்டியைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் கேட்டு வாங்கிய ஒரே சத்தியம் அது.

சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய டிராக்டர் படுத்தாலும் ஹார்லனைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், எஞ்சினில் ஒரு சின்ன மூடியைக் கழற்றுவார், உள்ளே ஒட்டிப் பிரிந்து பொறி கொடுக்கும் பாயின்ட் முனைகளைச் சரியாக வைப்பார், ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். அப்புறம் பல வருஷத்துக்கு அந்த வண்டி மக்கர் பண்ணாது. அப்பேர்ப்பட்டவருடைய சொந்த டிராக்டர் மட்டும் வருஷத்துக்கு நாலைந்து காலையில் கிளம்பவே கிளம்பாது.

“ஈரம்” என்பார் ஹார்லன். வைத்தியர் வீட்டிலேயே நோயாளி என்று ஊர் சிரிக்கும். அந்த நாட்களில் ஆர்டிஸைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, ஸ்பேனரை எடு, விளக்கைப் பிடி என்று ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவார்.

“என் வண்டியோட இக்னிஷன் காயிலையே கழட்டி இதுல மாட்டியாச்சு. பிளக்கைத் தேய்ச்சாச்சு. வயரையும் பார்த்தாச்சு” என்றான் டுவேன்.

“அப்ப மிச்சம் பாயின்ட்தான்.” எல்ராய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

“யார் வச்ச பாயின்ட்டுடா அது? ஹார்லன் வச்சது! அவரைப் பக்கத்துலயே படுக்க வச்சுக்கிட்டு, அவர் வேலையைச் சோதிச்சுப் பார்க்கப் போறியா?”

எல்ராய்க்குக் காது சிவந்துவிட்டது. ஒருவர் வைத்த பாயின்ட்டை அவர் சொல்லாமல் இன்னொருவர் திறப்பது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. அதுவும் ஹார்லன் வைத்ததை!

“அதை இங்கே கொடு, எல்ராய்.”

கறுப்புக் கோட்டும் கையுறையுமாக ஆர்டிஸ் வந்து நின்றார்.

“நீங்களா? கையெல்லாம் கிரீஸ் ஆயிடுமே!”

“ஆகட்டும். நான் ஒண்ணும் அவருக்கு வெளியாள் இல்லையே. எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. பாஸ்டர், நீங்களும்தான்.”

திரும்பினார்கள். டுவேன் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தான். ஆர்டிஸின் விரல்கள் கிளிப்பைத் தேடவே இல்லை. ஊறுகாய் ஜாடி திறப்பதுபோல மூடி கழன்று வந்தது. டுவேன் வாயைப் பிளந்தான்.

அது ஊரில் ஒருவருக்கும் தெரியாத ரகசியம். சண்டை போட்ட மறுநாள் காலையில், அந்த மனுஷன் வாயே திறக்காமல் வயலுக்கு ஓடிவிடக் கூடாது என்று, ரொட்டி சுற்றி வரும் மெழுகுத்தாளில் ஒரு துண்டு கிழித்து, பாயின்ட்டுக்குச் சட்டை போட்டதுபோல ஆர்டிஸ் மடித்து வைத்துவிடுவார். இரண்டு முனையும் ஒட்டாவிட்டால் பொறி ஏது? ஸ்பேனர் கொடுத்து, விளக்குப் பிடித்து, மெல்லப் பேச்சு முளைத்து, ஹார்லன் காப்பிக்குக் கை கழுவப் போகும் நேரத்தில் ஆர்டிஸ் தாளை உருவிவிடுவார். எத்தனையோ தடவை.

இன்றைக்கும் பாயின்ட்டில் ஒரு தாள் இருந்தது.

ஆனால் ஆர்டிஸ் அதை வைக்கவில்லை. அது மெழுகுத்தாளும் இல்லை. ஹார்லனின் மேல்பையில் எப்போதும் இருக்கும், விதைச்சோளக் கம்பெனி இனாமாகக் கொடுத்த நோட்டின் கோடு போட்ட தாள். அதே மடிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, “ஒரு நிமிஷம் இரு” என்று அவர் கொட்டகைக்குள் போய் வந்தது ஆர்டிஸுக்கு நினைவு வந்தது.

தாளைப் பிரித்துப் பார்த்தார். கையுறைக்குள் செருகிக்கொண்டு மூடியைப் போட்டார்.

“இப்ப அழுத்து, எல்ராய்.”

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. களஞ்சியக் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. எல்ராய் தொப்பியைக் கழற்றினான். பாஸ்டர் தம்மை அறியாமல் கைகூப்பினார்.

“அம்மாடி! ஹார்லனுக்கு மேல இருக்கீங்களே! அப்படி என்னதான் கோளாறு?” என்றான் எல்ராய்.

“ஈரம்” என்றார் ஆர்டிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கையுறைக்குள் இருந்த தாளில், பென்சிலில், ஹார்லனின் சாய்ந்த எழுத்து: “ஒவ்வொரு தடவையும் நீதான்னு எனக்குத் தெரியும். இப்ப எடுத்துடு ஆர்டிஸ், எனக்கு நேரமாச்சு.”