உக்குவளையில் மடிப்பிச்சை

றமீஸாவின் வீட்டு முற்றத்தில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டோம். அழகாயி அக்கா மட்டும் உட்காரவில்லை.

மாத்தளை அம்மன் கோயிலிலிருந்து விடியக் கிளம்பி, வீடு வீடாக மடியேந்தியபடி உக்குவளை வந்து சேர்ந்திருந்தோம். கதிர்காமத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் நடக்க வேண்டும். எனக்கோ முதல் நாளே குதிகால் கொப்பளித்துவிட்டது.

றமீஸா தேசிக்காய் பிழிந்த தண்ணி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். வருஷா வருஷம் பாதயாத்திரைக் கூட்டம் முதலில் இளைப்பாறுவது இவர் வீட்டில்தானாம். வேலாயுதத்தைச் சாய்த்து வைக்க வீட்டிலிருந்த நல்ல கதிரையை எடுத்துப் போட்டிருந்தார். எங்களுக்குப் பாய்தான்.

வேலாயுதத்தைத் தூக்கி வந்தவர் ராசையா. அழகாயி அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். மாத்தளை டவுனில் இருக்கிறார். இரண்டு பேரும் பேசி ஏழெட்டு வருஷம் இருக்கும்.

அக்காவின் புருஷன் செத்த அன்று, பெட்டி எடுத்த பிறகுதான் மனுஷன் வந்தார். வந்தவர் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் இரத்தோட்டைப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

நான் அப்போது பின்பக்கம் அடுப்படியில் நின்றேன். அவர் முதுகைத்தான் பார்த்தேன். என்ன திமிர் என்று தெரிந்துகொள்ள அந்த முதுகே போதும்.

இப்போது அக்காவின் மகள் ஜெயந்தினிக்கு ஆவணியில் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமனும் மணவறையில் நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் நடக்க வந்தாள். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அவள் மனதில் வேறொன்றும் இருந்தது. ஒரே லயத்தில் சுவரொட்டிய அடுத்த காம்பராக்காரி எனக்கு அது தெரியாதா?

மாலை போட்டுவிட்டால் அண்ணனும் இல்லை, தங்கச்சியும் இல்லை. எல்லோரும் சாமிதான். ஒரு சாமி வந்து கேட்டால் இன்னொரு சாமி முகத்தைத் திருப்பக் கூடாது.

மடிப்பிச்சை முதல் நாள் மட்டும்தான், அதுவும் உச்சி வெயில் வரைக்கும். ரோட்டோர வீடுகளிலும் கேட்போம், எங்களுக்குள்ளேயும் ஒருவர் முன்னால் ஒருவர் ஏந்துவோம். கிடைக்கிற அரிசிதான் ராத்திரிச் சோறு. மத்தியானம் தாண்டினால் மடியை அவிழ்த்துவிட வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தான் கோயிலில் எங்களுக்கு மாலை போட்டார்கள்.

றமீஸாவும் தன் பங்குக்கு ஒரு சுண்டு அரிசி அளந்து அக்காவின் மடியில் போட்டார். வெயில் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

அக்கா நேரே ராசையாவின் முன்னால் போய் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"மடிப்பிச்சை போடுங்க சாமி."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து, பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்தார்.

அக்கா மடியை மூடிக்கொண்டாள்.

"அரிசி வேணாம் சாமி. ஆவணியில எம் புள்ளைக்கு மாமனா வந்து நில்லுங்க."

றமீஸா ஜக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மாட்டினார் மனுஷன் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ராசையா அரிசியைத் திரும்பப் பைக்குள் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நழுவப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் துண்டை உதறினார். இரண்டு கையிலும் விரித்து, தங்கச்சி முன்னால் ஏந்தினார்.

"மொதல்ல எனக்குப் போடுங்க சாமி. இனிமே எம் வாசப்படிய மிதிக்காதன்னு பெட்டி எடுத்த அன்னைக்கு சொன்னீங்களே, அந்தப் பேச்சத் திருப்பி எடுத்துக்கங்க."

குரலில் கோபமே இல்லை. மற்ற வீடுகளில் அரிசி கேட்டது போலத்தான் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுவாள், என்னண்ணே பொய் சொல்லுறே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் மடிக்குள் கையை விட்டு, வாரி வாரி அவர் துண்டில் போட்டாள். காலையிலிருந்து வீடு வீடாக ஏந்தியதெல்லாம் போய், மடி வெறுமையானது.

"எடுத்துக்கிட்டேன் சாமி."

ராசையா துண்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் மடியில் போட்டார். அவள் கேட்டதும் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் அழுதார்கள். றமீஸாவும் அழுதார்.

பிறகு வத்தேகம ரோட்டில் வெயிலோடு நடந்தோம். அக்கா என் பக்கத்தில்தான் வந்தாள். இத்தனை வருஷமும் அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது போதும் என்று அவள் சொன்னதில்லை. திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தருவாள்.