சப்பென்று ஆன ஊர்

“வாக்கிங் போயிட்டு வர்றேன்” என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, நேராகத் தெருமுனை டீக்கடைக்கு வந்து நின்றார் லிஃப்ட் மெக்கானிக்.

தொடை வழியாக வயர் விட்டு, தாறுமாறாக ஓடிய இதயத் துடிப்பைச் சரிசெய்து அனுப்பி பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்கள். உப்பைக் குறைக்கணும். ஸ்ட்ராங்கா காபி, டீ கூடாது. மதுவைத் தொடக் கூடாது. கொஞ்ச நாளைக்கு எதையும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக் கூடாது.

மனைவி அந்தச் சீட்டுக்கும் ஒரு படி மேலே. சூப்பில் உப்பு இல்லை. டீயில் டீயே இல்லை.

“ஜெயில் கைதிக்குக்கூட இதைவிட நல்லாப் போடுவாங்க” என்றார் காலையில்.

“கைதிக்கு நான் பொண்டாட்டி இல்ல. குடிங்க” என்றாள் அவள்.

அதனால்தான் டீக்கடை.

“ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு. நாக்கு வேகணும்.”

கடைக்காரர் கொடுத்தார். ஒரு வாய் குடித்தார். சூடு இல்லை. ருசியும் இல்லை.

“என்னப்பா இது, டம்ளர் கழுவின தண்ணியா?”

“எப்பவும் போடற டீதாண்ணே” என்றார் கடைக்காரர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பக்கத்தில் நின்றவர் கையில் இருந்த டம்ளரில் ஆவி பறந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், முன்பு வேலை பார்த்த ஆபீஸ் கேன்டீனுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆம்லெட் வாங்கினார். துளி உப்பு இல்லை. மற்ற மேசைகளில் எல்லாம் உப்பு டப்பா இருந்தது. அவர் மேசையில் மட்டும் இல்லை.

சாயங்காலம் கூட்டாளி மொட்டையின் வீட்டுக்குப் போய், “ஒரே ஒரு மடக்குடா” என்று கேட்டார். மொட்டை உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தார். நிறம் இருந்தது. தொண்டை எரியவில்லை.

மெக்கானிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“மொட்டை, ஒண்ணு கேட்பேன். சிரிக்கக் கூடாது.”

“கேளு.”

“ஆறு வருஷமா நெஞ்சுக்குள்ள தடதடன்னு ஓடிட்டிருந்துச்சு. காதுக்கே கேக்கும். இப்ப சத்தமே இல்லடா.”

“அதான் சரியாயிடுச்சே.”

“ஆஸ்பத்திரியில ஷாக் குடுத்தப்ப நெஞ்சு ஒரு நொடி நின்னு, அப்புறம் ஓடுச்சாம். நின்னது சரி. மறுபடி ஓடினதை நான் பாக்கலையே.”

எதற்கும் சிரிக்கிற மொட்டை சிரிக்கவில்லை.

“எதுலயும் ருசி இல்ல. எதுவும் சுடல. நான் போனா எல்லாரும் வாயை மூடிக்கறாங்க. அந்தப் படுக்கையிலேயே நான் செத்துட்டேனோ?”

மொட்டையின் முகம் ஒரு மாதிரி ஆனது. “பைத்தியக்காரா, வீட்டுக்குப் போ” என்று கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது, அடுக்குமாடி லிஃப்டில் கதவு மூடுகிற நேரம் பார்த்துக் காலை நடுவில் வைத்தார். கதவு திறந்துகொண்டது.

அதனால் என்ன? பெட்டியை வைத்தாலும் திறக்கும். பிணத்தை வைத்தாலும் திறக்கும். முப்பது வருஷம் அந்தக் கதவு சென்சாரை மாட்டியவர் அவர்தானே.

அன்று ராத்திரி மனைவி பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறினார். ஒன்பது ஸ்டாப் தள்ளி இறங்கினார். ஒரு தெரிந்த முகம் கிடையாது. எதிரே ஒரு காபிக் கடை. ஒரு அம்மா தனியாக நின்றிருந்தாள்.

“கறுப்புக் காபி. டபுள் ஸ்ட்ராங். கொதிக்கணும்.”

நெஞ்சுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நாக்கு சுட்டால் உயிரோடு இருக்கிறோம். சுடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அந்த அம்மா அவரையே பார்த்தாள். உள்ளே போனாள். போனவள் வர ரொம்ப நேரம் ஆனது.

கப் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார்.

பச்சைத் தண்ணி மாதிரி இறங்கியது.

கப்பைப் பார்க்காமலே மேசையில் வைத்தார். கப் சாய்ந்து உருண்டது.

“அம்மா, நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனா?”

அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் அவருடைய போட்டோ ஒட்டியிருந்தது. கீழே, கோணல் மாணலாக மனைவியின் கையெழுத்து.

‘இவர் வந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள். வேறு கடைக்குப் போய்விடுவார். தண்ணியாகக் கலந்து, நன்றாக ஆற்றிக் கொடுங்கள்.’

“நல்லாத் தெரியறீங்கய்யா” என்றாள் அந்த அம்மா. “போன வாரம் உங்க வீட்டுக்காரம்மா நடந்தே வந்தாங்க. உக்காந்து ஒரு காபி குடிங்கன்னு சொன்னேன். ‘அவர் குடிக்கக் கூடாததை நான் எப்படிக் குடிக்கறது, இந்த பஸ் போற வழியில இன்னும் பதினாலு கடை இருக்கு’ன்னு அப்படியே நடந்து போயிட்டாங்க.”