தலைமாட்டுப் பெயர்

நாளை மறுநாள் வாழவந்தியில் கலாவதிக்குக் கல்யாணம். சீரோடு போகவேண்டிய பழைய மரக்கட்டிலை, வார்னிஷ் அடிக்கும் முன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஆராயி.

"போதுங்க, கையெல்லாம் செவந்துபோச்சு" என்றாள் கலாவதி.

"இரு கண்ணு. தலைமாட்டுல 'பொன்னுவேல்'னு கீறியிருக்குது. மாப்பிள்ளை பாத்தா சங்கடப்படுவாரு."

"அவருக்கு எல்லாம் தெரியுமுங்க. அத மட்டும் விட்டுடுங்க."

"புது ஊட்டுல பழைய பேரு எதுக்கு?" ஆராயி இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது உங்க பையன் பேருங்க, அத்தை!"

"அவன் கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்த மூணு மாசமும் வெறுந்தரையில படுத்து அவனப் பாத்துக்கிட்டவ நீ. இனியாச்சும் கட்டில்ல நிம்மதியாத் தூங்கோணும், சாமி."

பெயர் மறைந்ததும், உதிர்ந்த மரத்தூளை முந்தானையில் முடிந்துகொண்டாள் ஆராயி.